டைபாய்டு காமாலையாக ‘மாறுவது’ இல்லை: குடல் காய்ச்சலில் கல்லீரலுக்கு என்ன நடக்கிறது?

எங்கள் பக்கம் பெருந்துறையிலிருந்து கோபி வரை எந்த ஊரில் கேட்டாலும் ஒரு வாசகம் காதில் விழும்: “டைபாய்டு முற்றிக் காமாலையில் இறங்கிவிட்டது.” காய்ச்சல் ஒரு நோய், காமாலை இன்னொரு நோய், முதலாவது போன இடத்தில் இரண்டாவது வந்து உட்கார்ந்துகொண்டது என்று அதற்குப் பொருள். கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாசகம் எங்கள் வீட்டுப் பையன் ஒருவனைச் சாவின் விளிம்பு வரை கொண்டுபோனது.

என் சித்தப்பா மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நூற்பாலையில் வேலை. ஒன்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு டைபாய்டு என்று மருத்துவர் சொல்லி, மாத்திரை தொடங்கினார்கள். நான்காம் நாள் காலையில் முகம் கழுவ வந்தவனின் கண் மஞ்சளாக இருந்ததை அம்மிச்சி (பாட்டி) பார்த்துவிட்டார். “இங்கிலீஷ் மருந்துச் சூடு ஈரலில் இறங்கிவிட்டது கண்ணு, இனி இந்த மாத்திரை ஆகாது” என்றார். வீடே சரி என்றது. மாத்திரை நின்றது. பக்கத்து ஊரில் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுப்பவரிடம் அழைத்துப் போனார்கள். உப்பில்லாப் பத்தியம். ஐந்தாம் நாள் காய்ச்சல் 104 டிகிரி, வயிறு உப்பல், யாரைப் பார்த்தாலும் புரியாமல் முனகல். பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தத்தில் டைபாய்டுக் கிருமி அப்படியே இருந்தது. ஊசி மருந்து தொடங்கி ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கண்ணின் மஞ்சள் வடிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

அம்மிச்சி அன்பினால்தான் அப்படிச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று தெரியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காமாலை ஒரு அடையாளம்

திருப்பூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நாம் மறக்கவில்லை. ஆற்றின் நிறம் மாறினால் நாம் யாரும் ஆற்றுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. எந்தப் பட்டறையில் கழிவைச் சுத்தம் செய்யாமல் விட்டார்கள் என்றுதான் தேடுகிறோம்.

உடம்புக்கும் ஒரு சாயக்கழிவு உண்டு. இரத்தத்தின் சிவப்பு அணு ஒன்று சுமார் 120 நாள் உழைத்துவிட்டு உடைகிறது. உடையும்போது அதிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்று வெளியாகிறது. அதன் பெயர் பிலிருபின். கல்லீரல் இதை இரத்தத்திலிருந்து எடுத்து, நீரில் கரையும்படி பக்குவம் செய்து, பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்தின் பழுப்பு நிறம் இதன் கடைசி வடிவம்தான்.

இந்த ஏற்பாடு மூன்று இடங்களில் கெடலாம். சிவப்பு அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்து சாயம் குவியலாம். கல்லீரலே சோர்ந்து பக்குவம் செய்ய முடியாமல் போகலாம். பக்குவம் செய்த சாயம் வெளியேறும் பித்தக்குழாய் அடைபடலாம். எங்கே கெட்டாலும் சாயம் இரத்தத்தில் தேங்கும். பெரியவர்களின் இரத்தத்தில் பிலிருபின் பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். அது இரண்டரை, மூன்று என்று ஏறும்போது கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியத் தொடங்குகிறது. அதைத்தான் காமாலை என்கிறோம்.

ஆகவே காமாலை என்பது இந்தச் சாய ஏற்பாட்டில் ஏதோ சரியில்லை என்று கண் காட்டும் அடையாளம். என்ன சரியில்லை என்பதை அது சொல்லாது. காய்ச்சல் வந்தவர்களிடம் “எதனால் காய்ச்சல்?” என்று கேட்கிறோம் அல்லவா, கண் மஞ்சளானவர்களிடமும் “எதனால் மஞ்சள்?” என்றே கேட்க வேண்டும்.

ஒரு சின்னச் செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீர் மஞ்சளாகப் போவதெல்லாம் காமாலை ஆகாது. காய்ச்சலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் யாருக்கும் சிறுநீர் கெட்டியாக, அடர்ந்த மஞ்சளாகத்தான் போகும். சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டு நிறம் ஏறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இறக்கி, கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள்.

குடலில் நுழைந்த கிருமி கல்லீரலுக்கு எப்படிப் போகிறது?

டைபாய்டுக்குத் தமிழில் குடல் காய்ச்சல் என்று நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரே நம்மை ஓரளவு ஏமாற்றிவிடுகிறது. கிருமி குடலிலேயே குடியிருக்கும், கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வைக்கிறது.

டைபாய்டை உண்டாக்குவது சால்மோனெல்லா டைபி என்ற பாக்டீரியா. மனிதனைத் தவிர வேறு எந்த உயிரும் இதற்கு வீடு கிடையாது. ஒருவரின் மலத்திலிருந்து வெளியேறி, தண்ணீரிலோ உணவிலோ கலந்து, இன்னொருவரின் வாய்க்குப் போக வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாயில் விரிசல் இருந்தால் போதும். பல ஊர்களில் குடிநீர் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. தண்ணீர் வராத நாள்களில் காலியான குழாய் வெளியில் இருக்கும் அழுக்கு நீரை விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி திறந்துவிடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். தண்ணீர் சிறுவாணி, பவானி, காவிரி என எந்த நல்ல ஆற்றிலிருந்து வந்தாலும் கடைசி நூறு அடிக் குழாய்தான் அதன் சுத்தத்தைத் தீர்மானிக்கிறது.

விழுங்கிய கிருமிகளில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே இறந்துவிடும். தப்பியவை சிறுகுடலுக்குப் போகின்றன. சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே சோதனைச் சாவடிபோலத் திட்டுத் திட்டாகக் காவல் இடங்கள் உண்டு. பேயர் திட்டுகள் என்று பெயர். அங்கே இருக்கும் காவலர்கள் விழுங்கு செல்கள். அந்நியக் கிருமி எது வந்தாலும் அதை அப்படியே விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை.

டைபாய்டுக் கிருமியின் சாமர்த்தியம் இங்கேதான். விழுங்கு செல் அதை விழுங்குகிறது. ஆனால் செரிக்க முடியவில்லை. கிருமி அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு சின்ன அறை அமைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. திருடனைப் பிடித்த காவலரின் ஜீப்பிலேயே திருடன் ஏறி ஊர் சுற்றுவதுபோல, அந்தச் செல்களின் துணையோடு நிணநீர்ப் பாதையில் பயணம் செய்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்.

இரத்தத்தில் கலந்த கிருமியை வடிகட்டிப் பிடிக்கும் இடங்கள் மூன்று: கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை. இம்மூன்றிலும் விழுங்கு செல்கள் ஏராளம். கிருமிக்கு அதைவிடப் பிடித்த வீடு ஏது? அங்கே போய்ப் பெருகுகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பெருந்திரளாக மறுபடி இரத்தத்தில் இறங்குகிறது. அப்போதுதான் காய்ச்சல் தொடங்குகிறது.

இதை ஒரு முறை நிறுத்திப் படியுங்கள். காய்ச்சலின் முதல் நாளுக்கு முன்பே கிருமி கல்லீரலில் இருக்கிறது. டைபாய்டு முற்றிய பிறகு கல்லீரலில் ‘இறங்குவது’ என்ற ஒன்று நடப்பதே இல்லை. அது கிளம்பி வந்த இடங்களில் ஒன்றே கல்லீரல்தான்.

உள்ளே நடக்கும் சண்டை

கல்லீரல் வலது விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. அதற்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ஒரு பெரிய சிரை வழியாக வருகிறது. ஈரோட்டு மஞ்சள் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டில் விளைந்த மஞ்சளும் மூட்டையாக முதலில் அங்கே வந்து, பிரித்துப் பார்த்து, தரம் பிரித்து, பிறகுதான் வெளியூருக்குப் போகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சியது பெரும்பாலும் இதேபோலக் கல்லீரலுக்கு வந்து, சோதனை முடிந்தே இதயத்துக்குப் போகிறது.

சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே நடைபாதைகள் இருப்பதுபோல, கல்லீரலில் இரத்தம் மெதுவாக ஊர்ந்து போகும் நுண்பாதைகள் உண்டு. அந்தப் பாதைகளின் ஓரத்தில் நின்று காவல் காப்பவை குப்பர் செல்கள். 1876-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் குப்பரின் பெயரே நிலைத்துவிட்டது. இவையும் விழுங்கு செல்கள்தான், கல்லீரலுக்கென்றே இருப்பவை.

டைபாய்டுக் கிருமி குப்பர் செல்களுக்குள் தங்கியதும் அவை வீங்குகின்றன, உதவிக்கு ஆள் கூப்பிடுகின்றன. இரத்தத்திலிருந்து மேலும் விழுங்கு செல்கள் வந்து சேர்ந்து சின்னச் சின்னக் கூட்டமாகத் திரள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை முடிச்சு முடிச்சாகத் தெரியும்; டைபாய்டு முடிச்சு என்று பெயர். அந்த முடிச்சுகளை ஒட்டி இருக்கும் கல்லீரல் செல்கள் சில மடிகின்றன. கிருமியின் உடலில் இருக்கும் நச்சுப்பொருளும், கிருமியை எதிர்த்து உடம்பே சுரக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்து சுற்றியுள்ள செல்களை நோகடிக்கின்றன. சந்தைக்குள் அடிதடி நடந்தால் திருடனுக்கு மட்டுமா அடி விழும்? ஓரமாக அடுக்கி வைத்த மூட்டையும் கிழியும்.

இந்த அடிதடிக்குத்தான் டைபாய்டு கல்லீரல் அழற்சி என்று பெயர். அழற்சி என்றால் உடம்பின் எதிர்ப்புச் சண்டையால் ஓர் உறுப்பு வீங்கி நோவது. இரண்டாம் வாரவாக்கில் பலருக்குக் கல்லீரல் லேசாகப் பெருத்து, வலது விலாவுக்குக் கீழே தொட்டால் வலிக்கும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சேதம் சின்னதுதான். கல்லீரலுக்குத் தாங்கும் சக்தி அதிகம். அங்கங்கே சில செல்கள் போனாலும் மீதிச் செல்கள் சாய வேலையைப் பார்த்துக்கொள்ளும், கண் மஞ்சளாகாது. சேதம் கூடுதலாக இருக்கும் சிலருக்கே காமாலை வெளியே தெரிகிறது.

முன்பு சொன்ன மற்ற இரண்டு வழிகளும் டைபாய்டில் நடக்கக்கூடியவையே. பிறவியிலேயே சிவப்பு அணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு, காய்ச்சலாலோ சில மருந்துகளாலோ அணுக்கள் வேகமாக உடையலாம். பித்தப்பையும் பித்தக்குழாயும் கிருமியால் வீங்கி, பித்தநீரின் போக்கு தடைபடலாம். சில சமயம் மருந்தே கல்லீரலை உறுத்தவும் செய்யலாம். அம்மிச்சி சொன்னதில் இந்த ஒரு துளி உண்மை இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மருந்தாலா, கிருமியாலா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிருமி குடல் வழியே இரத்தத்துக்குப் போய், கல்லீரலின் காவல் செல்களுக்குள் குடியேறுகிறது. அங்கே நடக்கும் சண்டையில் கல்லீரல் நோகிறது. நோவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு மட்டும் காமாலையாகத் தெரிகிறது. நோய் ஒன்றுதான்.

பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்கள்

டைபாய்டு வந்தவர் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டால், தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு வரிகளில் எண் தடித்த எழுத்தில் இருக்கும். வீட்டில் உடனே அழுகை.

இவை கல்லீரல் செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகள். நொதி என்பது வேதிமாற்றத்தை விரைவாக்கும் பொருள். கோவையில் லேத் பட்டறை பார்த்திருப்பீர்கள். ஸ்பேனரும் உளியும் பட்டறைக்குள் இருக்க வேண்டியவை. தெருவில் ஒன்றிரண்டு கிடந்தால் பரவாயில்லை. தெரு முழுக்கக் கிடந்தால் பட்டறைச் சுவர் இடிந்திருக்கிறது என்று பொருள். அதுபோல இந்த நொதிகள் இரத்தத்தில் சுமார் 40 அலகு வரை இருப்பது இயல்பு. செல்கள் உடையும்போது அவை இரத்தத்தில் கொட்டுகின்றன.

டைபாய்டில் இவை இரண்டு மூன்று மடங்கு ஏறுவது சகஜம். நூறு, நூற்றைம்பது என்று இருந்தால் அது தனியாக ஒரு நோய் வந்ததற்கு அடையாளமாகாது. கிருமி ஒழிய ஒழியத் தானாக இறங்கும். நானூறு, ஐந்நூறு என்று போனால் மருத்துவர் கூர்ந்து கவனிப்பார். ஆயிரத்தைத் தாண்டினால் அவர் மனம் பெரும்பாலும் வேறு காரணத்தைத் தேடும்.

கல்லீரல் உண்மையில் வேலை செய்கிறதா என்று சொல்லும் எண் வேறு. இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அது தளர்ந்தால் இரத்தம் உறையும் நேரம் நீளும். ஸ்பேனர் எத்தனை சிதறியது என்பதைவிடப் பட்டறை ஓடுகிறதா என்பதுதானே முக்கியம்? தாளை வாங்கியதும் எல்லோரும் எஸ்ஜிபிடியையே பார்க்கிறார்கள். கண் மஞ்சளாக இருந்தால் “இரத்தம் உறையும் நேரம் பார்த்தீர்களா டாக்டர்?” என்றும் கேளுங்கள்.

டைபாய்டா, வைரஸ் காமாலையா?

இந்தக் கேள்வியில்தான் அதிகக் குழப்பம். காரணம், இரண்டும் ஒரே தண்ணீரில் வருகின்றன. ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற இரண்டு வைரஸ்களும் டைபாய்டுக் கிருமியைப்போலவே மலம் கலந்த நீரில் பரவி, நேராகக் கல்லீரல் செல்களைத் தாக்குபவை. ஒரு தெருவில் குழாய் உடைந்தால் ஒருவருக்கு டைபாய்டும், அடுத்த வீட்டுக்காரருக்கு வைரஸ் காமாலையும் வரலாம். அபூர்வமாக ஒருவருக்கே இரண்டும் வரலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கக்கூடிய ஒரு வேறுபாடு உண்டு. வைரஸ் காமாலையில் காய்ச்சல் முதலில் சில நாள் இருக்கும். கண் மஞ்சளாகும்போது பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்கும். டைபாய்டில் கண் மஞ்சளான பிறகும் காய்ச்சல் விடாது, மாலையானால் 103, 104 என்று கொதிக்கும். மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்து நின்றால் வேர் அரைத்துக் கொடுப்பவர் வீட்டுக்குப் போக அது நேரமே இல்லை. பாக்டீரியாவோ, மலேரியாவோ, எலிக்காய்ச்சலோ, உண்ணிக் காய்ச்சலோ, பித்தக்குழாயில் சீழோ உள்ளே இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

பிறகு விடால் பரிசோதனை. 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் பெயரில் வந்த சோதனை இது. கிருமியைத் தேடுவதில்லை; கிருமிக்கு எதிராக நம் உடம்பு செய்த எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறது. முன்பு எப்போதோ டைபாய்டு வந்திருந்தாலும் இது ‘பாசிட்டிவ்’ காட்டலாம். வேறு காய்ச்சலிலும் காட்டலாம். நாள்பட்ட கல்லீரல் நோய் இருப்பவர்களிடம்கூடக் காட்டலாம். அப்படிக் காட்டும்போதுதான், வேறு காரணத்தால் காமாலை வந்தவருக்கு “டைபாய்டும் காமாலையும் சேர்ந்து வந்திருக்கிறது” என்ற பட்டம் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்படும் ‘இரட்டை நோய்’ கதைகளில் கணிசமானவை இந்த ஒரு தாளில் பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

நம்பத்தகுந்த சோதனை இரத்தத்திலிருந்தே கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஆய்வகத்தில் பிளட் கல்ச்சர் என்பார்கள். முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுத்தால் நல்லது. அதிலும் குறை உண்டு: டைபாய்டு இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் கிருமி வளரும். முடிவு வர இரண்டு மூன்று நாளாவது ஆகும். ஆனாலும் வளர்ந்துவிட்டால் எந்த மருந்துக்கு அது சாகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பழைய மாத்திரைகள் சிலவற்றுக்கு இந்தியாவில் டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் மசியாமல் போய்விட்ட இந்தக் காலத்தில் அந்தச் செய்தி பொன்னானது.

ஆன்டிபயாட்டிக்கை ஏன் நிறுத்தக் கூடாது?

என் சித்தப்பா மகனிடம் நடந்த தவறு இதுதான். காமாலையைத் தனி நோயாக நினைத்ததால், அதற்கு இடம்விட்டு டைபாய்டு மருந்தை நிறுத்தினோம். கல்லீரலை நோகடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கிருமி. அதைக் கொல்லும் மருந்துதான் கல்லீரலுக்கும் மருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் உடனே இறங்காது. நான்கு முதல் ஏழு நாள் ஆகலாம். கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் மருந்து அங்கே புகுந்து வேலை செய்ய நாள் பிடிக்கிறது. மூன்றாம் நாள் “கேட்கவில்லை” என்று மருத்துவரை மாற்றி, நான்காம் நாள் புது மாத்திரை, ஐந்தாம் நாள் கண் மஞ்சள், ஆறாம் நாள் பத்தியம் என்று எத்தனையோ வீடுகளில் போகிறது. கண் மஞ்சளானால் அதே நாளில் மருந்து கொடுத்த மருத்துவரிடமே திரும்பிப் போய்க் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமென்றால் அவர் மாற்றுவார். இடைவெளி மட்டும் விழக் கூடாது.

காய்ச்சல் மாத்திரையில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாராசிட்டமால் அளவோடு இருந்தால் நல்ல மருந்து; அளவு மீறினால் கல்லீரலை நேரடியாகக் கெடுப்பது. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, உச்ச அளவு. சாப்பிடாமல் மெலிந்தவருக்கும் கல்லீரல் நொந்தவருக்கும் மருத்துவர் அதைவிடக் குறைப்பார். மருத்துவர் கொடுத்தது ஒரு பெயரில், மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது இன்னொரு பெயரில், சளி மாத்திரைக்குள் மூன்றாவதாக என்று ஒரே பாராசிட்டமாலை மூன்று பெயரில் விழுங்குபவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் பெயர் இருக்கும், படித்துப் பாருங்கள்.

பத்தியம்

கீழாநெல்லி நம் மண்ணில் மதிப்போடு வளர்ந்த மூலிகை. அதைப் பழிக்க நான் வரவில்லை. அது டைபாய்டுக் கிருமியைக் கொல்லாது என்பது மட்டுமே என் வாதம். என்ன அரைத்தார்கள், எவ்வளவு கலந்தார்கள் என்று தெரியாத மருந்தை நொந்த கல்லீரலுக்குக் கொடுப்பதும் வேண்டாம். கண்ணில் சாறு விடுவது இன்னும் மோசம், கண் போகும்.

பட்டினி போடாதீர்கள். உப்பையும் எண்ணெயையும் அறவே நீக்கினால் கல்லீரல் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நோயாளிக்குக் குமட்டும் என்பதால் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், அவ்வளவுதான். டைபாய்டில் குடலும் புண்ணாகியிருக்கும் என்பதால் உணவு மென்மையாக இருக்க வேண்டும். நம் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தைக் காரம் குறைத்துக் குழைய வடித்து, ஒரு சொட்டு நெய்யோடு கொடுக்கலாம். இட்லி, கஞ்சி, இளநீர், காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்த மோர் எல்லாம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை.

மோசமாகும்போது

டைபாய்டால் கல்லீரல் முழுதாகச் செயலிழப்பது அபூர்வம். கல்லீரலில் சீழ்க்கட்டி வருவதும் அபூர்வம். அதே சமயம், டைபாய்டு என்ற சொல்லுக்கே மூலம் புகைமூட்டம், மந்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மனம் மங்கிப் பிதற்றுவதை நம் முன்னோர் சன்னி என்றார்கள். கடும் டைபாய்டிலும் இந்த மந்தம் வரும், கல்லீரல் தோற்றாலும் வரும். எது என்று கண்டுபிடிப்பது மருத்துவமனையின் வேலை. அங்கே கொண்டு சேர்ப்பது நம் வேலை.

பேச்சு குழறினாலோ, பகல் இரவு தெரியாமல் தூங்கினாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, திடீரென்று வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகிச் சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிறு இறுகுவதும் கறுப்பு மலமும் குடல் புண் ஓட்டையாவதற்கோ இரத்தம் கசிவதற்கோ அறிகுறி. பெரும்பாலும் மூன்றாம் வாரவாக்கில் வரும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் எந்த அறிகுறிக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளிடம் உயிருக்கே உலை வைக்கும்.

பித்தப்பையில் தங்கிவிடும் கிருமி

கல்லீரல் செய்யும் பித்தநீர் பித்தப்பையில் சேர்கிறது. கல்லீரலில் இருக்கும் டைபாய்டுக் கிருமியும் பித்தநீரோடு அங்கே போய்ச் சேர்கிறது. மற்ற கிருமிகள் பித்தநீரில் தாக்குப்பிடிக்கத் திணறும், இது நீந்தும். பித்தப்பையில் கல் இருந்தால் அதன்மேல் பாசிபோலப் படர்ந்துகொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் புகாது.

இதனால் குணமானவர்களில் நூற்றில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, காய்ச்சல் எதுவும் இல்லாமல், ஓராண்டுக்கு மேலும் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். இவர்களை நோய் சுமப்பவர்கள் என்கிறோம். பித்தக்கல் உள்ளவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மல்லன் என்ற அயர்லாந்துப் பெண் இப்படித்தான், தனக்கு ஒரு குறையும் தெரியாமலே, சமைத்த வீடுகள் பலவற்றில் டைபாய்டைப் பரப்பினார். 1907-இல் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள், விடுவித்தார்கள், 1915-இல் மறுபடி பிடித்து, 1938-இல் இறக்கும்வரை தீவிலேயே வைத்தார்கள். அவர் குற்றம் செய்தவரல்லர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவருக்குக் கொடுக்க மருந்தில்லை. இன்று நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, தேவைப்பட்டால் பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பல ஆண்டுகள் இப்படிக் கிருமியைச் சுமப்பவர்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவதால், கண்டுபிடிப்பது அவர்களுக்கே நல்லது.

ஆகவே கல்யாண மண்டபத்தில் சமைப்பவர்கள், பந்தலில் மோர் ஊற்றுபவர்கள், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்பவர்கள் யாருக்காவது டைபாய்டு வந்து குணமாகியிருந்தால், வேலைக்குத் திரும்பும் முன் மலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் டைபாய்டு இணைப்புத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். இவ்வகைத் தடுப்பூசியில் உலக சுகாதார நிறுவனம் 2017 டிசம்பரில் முதன்முதலாக ஏற்றது ஐதராபாத்தில் செய்யப்படுவது, ஒரே ஊசி.

சித்தப்பா மகன் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மூன்றாம் வாரம் கல்லீரல் பரிசோதனையை மறுபடி செய்தோம். எஸ்ஜிபிடி இயல்புக்கு வந்திருந்தது. தாளை அம்மிச்சியிடம் படித்துக் காட்டினேன். கிருமி ஈரலில் இறங்கவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அப்போது மாத்திரையை நிறுத்தச் சொன்னேனே சாமி” என்றார். அன்று எங்களுக்கும் தெரியாது என்றேன். இப்போது தெருவில் யாருக்குக் கண் மஞ்சளானாலும் அவர் முதலில் கேட்பது, “காய்ச்சல் விட்டதா, விடவில்லையா?”